காவல் மாற ஆளில்லாத இரவுகள்

எங்கட வீடுகளில் காலமை எழும்பினவுடன் "வடிவா நித்திரை கொண்டீங்களோ" என்று யாரும் யாரையும் கேட்கிற வழக்கமில்லை. அப்படிக் கேட்டாலும் பெரியாக்களிடம் இருந்து வருகிற மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்க, கோழி நித்திரைதான்." கண் மூடியிருக்கும், காது திறந்திருக்கும். நாய் குரைத்தால் எழும்பி இருந்து, எந்தப் பக்கம் பார்த்துக் குரைக்கிறது என்று கேட்டு, பிறகு சாய்வார்கள். இதை ஒரு வருத்தம் என்று ஒருவரும் நினைப்பதில்லை. சீனிக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மம்மா, டொக்டரிடம் முழங்கால் நோவைச் சொல்லுவா, கண் மங்கலைச் சொல்லுவா. பதினைந்து வருசமாக ஒழுங்கான நித்திரை இல்லை என்பதை மட்டும் சொல்லமாட்டா. ஏன் என்று கேட்டால், "அது வயசுக்கு அப்பிடித்தானே பிள்ளை" என்பா.

நாங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் இருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கு வந்து, திருநெல்வேலிப் பக்கம் அறை எடுத்திருக்கிற ஆக்கள். எங்களுக்கு வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு. எங்களுக்கும் நித்திரை வருகுதில்லை. அதைப்பற்றி ஒருநாள் கதைக்கத் தொடங்கித்தான் இந்தக் கட்டுரை வரைக்கும் வந்து நிற்கிறோம்.

நித்திரை ஏன் வருவதில்லை என்று போனில் தேடினால் (இரவு ஒரு மணிக்குத்தான் தேடுவோம்) எல்லா இடத்திலும் ஒரே பட்டியல்தான் வரும். போனைப் பார்க்காதே, பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்காதே, ஒரே நேரத்துக்குப் படு, கவலைப்படாதே. இவை பொய் இல்லை. குப்பி நடக்கிற இரவுகளில் பத்து மணிக்கு ஒரு பிளேன்ரீ, பன்னிரண்டுக்கு இன்னொன்று என்று குடிக்கிறோம். உள்ளே போன கஃபேனில் பாதி உடம்பை விட்டுப்போகவே ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும். போன் வெளிச்சம், இருட்டில் சுரக்கிற மெலட்டோனினைப் பிந்த வைக்கும் என்பதும் சரிதான். எங்கட அனுபவத்தில் வெளிச்சத்தை விட அதற்குள் ஓடுகிற சண்டைகளும் செய்திகளும்தான் ஆளைக் குழப்புகின்றன. பரீட்சைக் காலத்தில் தேத்தண்ணியைக் குறைத்து, போனை மேசையில் வைத்துப் பார்த்தோம். ஓரளவுக்குப் பலன் இருந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போனால், தேத்தண்ணி இல்லை, குப்பி இல்லை, கவரேஜும் ஒழுங்காக இல்லை, ஒன்பது மணிக்கே ஊர் அடங்கிவிடும். அப்படியும் இரண்டு மணிக்கு முழிப்பு வரும். எழும்பிப் பார்த்தால் அம்மாவும் முழித்துத்தான் இருப்பா. அந்தப் பட்டியலை எழுதினவர்கள் இரவைப் பயமில்லாத ஒரு பொழுதாக நினைத்து எழுதியிருக்கிறார்கள் என்று எங்களுக்கு விளங்கினது இப்படித்தான்.

வன்னியில் இரவு என்றால் காவல். இன்றைக்கும் அப்படித்தான். காலபோகத்துக்கு ஒக்டோபர் மட்டில் விதைத்த நெல், மார்கழி கடைசியில் கதிர் வைத்து, தையில் விளைந்து நிற்கும்போது பன்றியும் யானையும் வரத் தொடங்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய், செட்டிகுளம் பக்கம் வயல் செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும். வரம்பில் கொட்டில், ஒரு டோர்ச் லைற், தட்டிச் சத்தம் போடத் தகரம், கிடைத்தால் யானைவெடி. நெருப்பை அணையவிடக்கூடாது. அறுவடை முடியும் வரைக்கும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் இதுதான் இரவு. விடிந்தால் பகல் வேலை. அறுத்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் முடியாது. மூட்டையின் மணத்துக்கு யானை சுவரையே இடித்துக்கொண்டு வரும். அதனால் அப்பா வயலில் முழித்திருக்க, அம்மா வீட்டில் முழித்திருப்பா. மாசியில் எல்லாம் முடிந்து அப்பா திண்ணையில் படுத்தாலும், ஒரு மணிக்கு உடம்பு தானாக எழும்பும். காவல் முடிந்துவிட்டது என்று உடம்புக்கு யார் சொல்லுறது?

இது வயல் காவல். இதுக்கு முதல் ஒரு காவல் இருந்தது. 2008 கடைசியில் இருந்து சனம் கிழக்கே நகர்ந்துகொண்டே இருந்தது. 2009 ஜனவரி 2 கிளிநொச்சி விழுந்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு இடத்திலும் முதல் வேலை பங்கர் வெட்டுறது. எங்களுக்கு அப்போது நாலு, ஐந்து வயது. எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது கொஞ்சம்தான், மிச்சம் அம்மாமார் சொன்னது. ஷெல் வெளிக்கிடுகிற சத்தம் ஒன்று, விழுகிற சத்தம் இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் பிள்ளையைத் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். மேலே 'வண்டு' சுத்துகிற இரைச்சல் மாறினால், அடுத்து என்ன வரும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். இதெல்லாம் காதால் செய்கிற வேலை. நித்திரை கொண்டால் செய்ய ஏலாது. அந்தப் பங்கருக்குள் நித்திரை கொண்டது நாங்கள் மட்டும்தான். நாங்கள் நித்திரை கொள்ளுவதற்காக இரண்டு பெரியாக்கள் முழித்திருந்தார்கள்.

பிறகு செட்டிகுளம் மெனிக்பாம். தறப்பாள் கூடாரத்துக்குள் முன்பின் தெரியாத குடும்பங்களோடு படுக்கை, வெளியில் இரவு முழுக்க வெளிச்சம். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் முழுதாக மூடப்பட்டது. அங்கேயும் அம்மாமார் நித்திரை கொள்ளவில்லை என்றுதான் சொல்லுகிறார்கள்.

மனநல வைத்தியர்கள் இதை அதிவிழிப்பு என்பார்கள். ஆபத்து போன பிறகும் மூளை காவலை விடாமல் இருப்பது. சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, நித்திரை ஆழத்துக்குப் போகாமல் மேலேயே மிதப்பது, அதே கனவு திரும்பத் திரும்ப வருவது. வன்னியில் இருந்து இடம்பெயர்ந்தவர்களைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தனி ஆளின் நோயாக மட்டும் பார்க்கவில்லை. குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்து வந்த காயம், கூட்டு மனவடு என்று பார்க்கிறது. 2009 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்து 2011 இல் வெளிவந்த இன்னொரு கணக்கெடுப்பில், போர் மனவடு நோய்க்குரிய அறிகுறிகள் 7 வீதமானவர்களிடமும், பதகளிப்பு அறிகுறிகள் 32.6 வீதமானவர்களிடமும் இருந்தன. வன்னிக்குள் அல்ல, அதற்கு வெளியில் எடுத்த கணக்கு இது. பெரிய பெயருள்ள நோய் இல்லாதவர்களும் பதகளிப்போடுதான் இரவைக் கழிக்கிறார்கள் என்று இதை நாங்கள் வாசிக்கிறோம்.

இதை வாசித்துக்கொண்டு போகும்போது தன்சானியாவின் ஹட்சா மக்கள் பற்றி ஒரு ஆய்வு கண்ணில் பட்டது. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழுகிற மக்கள். 33 பேருடைய நித்திரையை 20 நாள் கைக்கருவி கட்டி அளந்திருக்கிறார்கள். 2017 இல் வெளிவந்தது. அந்த 20 நாளிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் நித்திரையாக இருந்தது மொத்தமே 18 நிமிடம். சிலர் வெள்ளனப் படுப்பார்கள், சிலர் பிந்திப் படுப்பார்கள், வயசு போனவர்கள் வெள்ளன எழும்புவார்கள். ஒருவரும் சொல்லிவைக்காமலே எப்போதும் யாரோ ஒருவர் முழிப்பு. மனிதர்கள் இப்படித்தான் நித்திரை கொண்டு வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இதில் எங்களைத் தொட்டது என்னவென்றால், அங்கே காவல் கைமாறுகிறது. எங்கட ஊரில் மாறுவதற்கு ஆள் இல்லாத வீடுகள் எத்தனை? போரில் கணவனை இழந்த, அல்லது கணவன் எங்கே என்றே தெரியாத பெண்கள் தனியாகப் பிள்ளைகளை வளர்த்த வீடுகள். அங்கே யானைக்கும் அவதான் காவல், கள்ளனுக்கும் அவதான், படலையடியில் நின்று கதை கேட்கிற ஆம்பிளைக்கும் அவதான். அதோடு லோன். கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து குந்தியிருந்து காசு வாங்கிப் போகிற நுண்கடன். நாளைக்குக் கட்டுகிற நாள் என்றால் இன்றைக்கு இரவு நித்திரை இல்லை. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் இறங்கினது நல்ல விசயம்தான். ஆனால் கடன் எடுக்க வைத்த நிலைமை அப்படியே கிடக்கிறது. "கவலைப்படாதே" என்று பட்டியல் போடுகிறவர்களுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது?

போனை அணைத்துவிட்டுப் படுங்கள் என்பதும் அப்படித்தான். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அப்படிப் போய் இருக்கிற ஒரு அம்மாவை எங்களில் சிலருக்குத் தெரியும். ஆணைக்குழு என்று, அலுவலகம் என்று நிரப்பின படிவங்கள் எல்லாவற்றிலும் அவ கொடுத்தது ஒரே போன் நம்பர்தான். அந்த நம்பரை அவ மாத்தவும் இல்லை, இரவில் போனை அணைக்கவும் இல்லை. தலைமாட்டில் சார்ஜில் கிடக்கும். அவவிடம் போய் நீலவெளிச்சத்தைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு வாய் வராது.

அதுக்காக, எங்கட ஊர் நித்திரையின்மை ஒரு தியாகம், அதைத் தொடக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அம்மாவின் பிரஷருக்கும் அப்பாவின் மறதிக்கும் வீட்டில் வருகிற எரிச்சலுக்கும் இந்த இரவுகளில் பங்கு இருக்கிறது. கிழமையில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் நித்திரை குழம்பினால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய வருத்தம். வயசு என்று விடுகிற விசயமில்லை. இதுக்கு முதலில் கொடுக்க வேண்டியது குளிசை அல்ல என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016 இல் வழிகாட்டல் வெளியிட்டது. படுக்கைப் பழக்கத்தையும் பயத்தையும் சேர்த்து மாத்துகிற ஒரு பேச்சுச் சிகிச்சையைத்தான் அது முதலில் சொல்லுகிறது. அதில் எங்களுக்குப் பிடித்த ஒரு விதி: இருபது நிமிடமாக நித்திரை வராவிட்டால் பாயில் கிடந்து புரளாதே, எழும்பிப் போய் அமைதியாக ஏதாவது செய், கண் சொக்கினால் மட்டும் திரும்பி வா. எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழும்பு. கஷ்டம்தான். ஆனால் காசு செலவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் அரைக் குளிசை வாங்கிப் போடுகிற பழக்கம் எங்கட ஊர்களில் இருக்கிறது. அது வேண்டாம், சில குளிசைகள் ஆளை விடாது. மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனால் ஊர் என்ன சொல்லும் என்று பயமாக இருந்தால், முதலில் 1926 இற்கு எடுத்துக் கதைக்கலாம். அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண். அம்மம்மாவை அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது அவவின் நித்திரையைப் பற்றி நாங்களே டொக்டரிடம் சொல்லுவது என்று எங்களுக்குள் ஒரு முடிவும் எடுத்திருக்கிறோம்.

போன தையில் விடுமுறைக்குப் போன எங்களில் ஒருவன், இரவுக் காவலுக்கு அப்பாவுக்குப் பதிலாகத் தான் போகிறேன் என்று சண்டை பிடித்தான். அப்பா விடுவதாக இல்லை. கடைசியில் அம்மா சொல்லி, வீட்டில் படுக்க ஒத்துக்கொண்டார். இரண்டு மணி இருக்கும், வரம்பில் டோர்ச் வெளிச்சம். பிளாஸ்கில் தேத்தண்ணியோடு அப்பா வருகிறார்.

"நீ நித்திரையாப் போயிருப்பாய் எண்டுதான் பாக்க வந்தனான்."

இவன் முழித்துத்தான் இருந்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு கோப்பை குடித்தார்கள். அப்பா வெறும் சாக்கில் சும்மா சாய்ந்தார், கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்து குறட்டை. தூரத்தில் யாரோ யானைவெடி போட்ட சத்தத்துக்குக்கூட எழும்பவில்லை. இவன் நெருப்புக்கு இரண்டு விறகை வைத்துவிட்டு, விடியும் வரைக்கும் டோர்ச்சை மற்றப் பக்கம் பார்த்தே அடித்துக்கொண்டிருந்தான்.