கட்டங்களில் நெய்த மல்லர்கள்

ஆரணி, வெள்ளிக்கிழமை இரவு

மூன்று நாளாக விடாது பெய்யும் மழையில் குழித்தறிப் பள்ளத்தில் ஈரம் ஏறி, பாவு தளர்ந்து, தெருவில் ஒரு தறியும் ஓசையிடாத இந்த ஓய்வில், ஒழுகும் இடத்தைப் பார்க்கப் பரணில் ஏறிய நான், காலஞ்சென்ற அப்பாவின் துளையிட்ட ஜக்கார்டு நெசவு அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால், என் பள்ளிப் பிராயத்தில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து தந்த சேகா மெகா டிரைவ் பெட்டியைக் கண்டேன். அதன் கரிய மூடியின்மேல் ‘16-பிட்’ என்னும் பொன்னிற எழுத்துகள் பீரோவில் மடித்துவைத்த சேலையின் ஜரிகையைப் போல இன்னும் மங்காதிருந்தன. கூடவே ஒரே ஒரு கேசட். 1993இல் வெளிவந்த ‘ராயல் ரம்பிள்’ என்னும் மல்யுத்த விளையாட்டு.

சனிக்கிழமை பகல்

அந்நாளில் வாயால் ஊதியே ஓடவைத்த கேசட்டை இன்று ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் பல் பல்லாகத் துடைத்து, பழைய டியூப் டிவியில் பொருத்தினேன். இரண்டு முறை கறுப்புத் திரையே வந்தது. மூன்றாம் முறை பிரெட் ஹார்ட், அண்டர்டேக்கர், ஹல்க் ஹோகன் முதலிய பன்னிரண்டு மல்லர்களும் வந்து நின்றார்கள். எடை, உயரம், மார்பளவு என்று டிரம்ப் கார்டு சீட்டுகளில் நாங்கள் மனப்பாடம் செய்திருந்த அதே முகங்கள்.

இருவர் பிடித்துக்கொண்டால் ஓர் அளவுகோல் தோன்றும். பொத்தானை எவன் வேகமாக அழுத்துகிறானோ அவன் பக்கம் அது சாயும். கட்டைவிரல் காய்த்துப்போகும் வரையில் தம்பியும் நானும் அதற்காகப் பிரயாசைப்பட்டதுண்டு. இன்று நிதானமாக ஆடியபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது: தூக்கி எறிவதும், குத்துவதும், கயிற்றில் மோதவிடுவதும் பன்னிருவருக்கும் பொது, கடைசியில் எதிரியை வீழ்த்தும் பிடி ஒன்றே அவரவர்க்குத் தனி. உடல் ஒன்றாக இருக்க, முந்தியை மாற்றியே சேலைக்குச் சேலை வேறுபாடு காட்டும் எங்கள் தொழிலின் சாதுரியமல்லவா இது!

ஞாயிற்றுக்கிழமை மாலை

தாராசிங், கிங்காங் மல்யுத்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த அப்பா, ஒருநாள் எங்கள் ஆட்டத்தை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, திரைக்கு அருகில் வந்து குனிந்து, அண்டர்டேக்கரின் தொப்பி விளிம்பை விரலால் எண்ணிக்கொண்டே, “இவனையும் கட்டத்துல போட்டுத்தான்டா எடுத்திருக்காங்க” என்றார். அன்று எங்களுக்கு அது விளங்கவில்லை.

இன்று அவருடைய அட்டை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். துளையிருக்கும் இடத்தில் ஊசி நுழையும், அதன் கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் நூல் கிடந்தபடி கிடக்கும். இந்த ‘உண்டு, இல்லை’ என்னும் இரண்டே சொற்களால் அன்னமும் மயிலும் பிறக்கின்றன. லியோன் நகரத்துப் பட்டு நெசவில் தோன்றிய ஜோசப் மரி ஜக்கார்டின் அட்டையைத்தான் 1830களில் சார்லஸ் பாபேஜ், கணினிக்கு முன்னோடியான தம் கணிதப் பொறிக்கு எடுத்துக்கொண்டார் என்பதை நினைக்கும்போது, பரணில் அந்த அட்டைகளும் இந்தக் கேசட்டும் இத்தனை காலம் அருகருகே கிடந்தது உறவினர் இருவர் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

மெகா டிரைவின் படங்கள் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு கட்டங்களால் ஆனவை; 512 நிறங்களிலிருந்து ஒரே சமயத்தில் திரையில் நிற்கக்கூடியவை 64தான். அந்தச் சிக்கனத்துக்குள் ஒரு மல்லனின் தோள் திரட்சியையும் நடையையும் வரைந்தவர்களின் சிரத்தையை, வரைபடத் தாளில் ஒவ்வொரு கட்டமாகச் சிவப்பு மையிட்ட கைக்குப் பிறந்த நான் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

மின்னணு ஜக்கார்டு வந்தபின் அட்டைகளை எடைக்குப் போடுகிறார்கள். கேசட்டுகளும் அவ்வாறே போகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் இவற்றுள் எது இருந்தாலும், பழைய பேப்பர்காரர் வரும்முன் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.