பெரியப்பாவின் லக்னமும் யுத்தக் கடிகாரமும்

பெரியப்பாவுக்குச் சதாபிஷேகம் செய்ய நாள் பார்க்கலாம் என்று ஜாதகத்தைத் தேடினோம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டில் தனியாக ஜாதக நோட்டு எதுவும் கிடையாது. தாத்தாவின் தறிக்கணக்கு நோட்டில், பாவுக்கும் கூலிக்கும் வரவு எழுதிய அதே மையில், கடைசிப் பக்கத்தில் நான்கு வரி இருந்தது. சுபானு வருஷம் ஆவணி 4, காலை 8 மணி 30 நிமிடம், உதயாதி நாழிகை 3¾, சிம்ம லக்னம். அதாவது 1943 ஆகஸ்ட் 20.

தம்பி மகன் அதைக் கைபேசியில் போட்டான். ஒரு செயலி கன்னி லக்னம் என்றது. இன்னொன்றில் போட்டால் சிம்மம். சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு லக்னம் மாறும். இரண்டு செயலிகளுக்கும் ஒரே ஊர், ஒரே நிமிடம் கொடுத்திருக்கிறோம், பிறகு எப்படி? சிம்மம் காட்டிய செயலியின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி கிடந்தது: கிரீன்விச் நேரத்துக்கு 6.30 மணி முன்னால். இந்தியாவுக்கு ஐந்தரைதானே? அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு ஜோதிடரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “தம்பி, 42 செப்டம்பர் ஒண்ணாம் தேதியிலேருந்து 45 அக்டோபர் 15 வரைக்கும் பொறந்தவங்களுக்கு ஒரு மணி நேரம் கழிச்சுட்டுத்தான் பஞ்சாங்கத்தையே தொறக்கணும். யுத்தத்துக்காக வெள்ளைக்காரன் கடிகாரத்தைத் தள்ளி வெச்சிருந்தான். அதுக்கப்புறம்தான் சுதேச மணி, அதாவது அந்தந்த ஊர் மணி. நம்ம ஊருக்கு இன்னொரு பதினோரு நிமிஷம் போகும்.”

அவர் சொன்னதைச் சரிபார்க்கத் தாத்தாவின் நான்கு வரியே போதுமாக இருந்தது. உதயாதி நாழிகை என்றால் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது; நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். 3¾ நாழிகை என்றால் ஒன்றரை மணி நேரம். எட்டரையில் ஒன்றரை போனால் ஏழு. ஆவணியில் காஞ்சிபுரத்தில் ஏழு மணிக்கா சூரியன் உதிக்கும்? தை மாதத்திலேயே ஆறே முக்காலுக்குள் வந்துவிடுகிறதே! ஆவணி 4 அன்று உதயம் ஏறக்குறைய ஆறு மணி. மிச்சமுள்ள ஒரு மணி நேரம் யுத்தத்தின் கணக்கு. மணியை எழுதியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். நாழிகையைக் கணித்தவர் அந்தக் கடிகாரத்தை நம்பவில்லை.

ஜோதிடருக்கு அவருடைய குரு சொன்னது. செயலிக்கு யார் சொன்னது? கணினி வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வழிகாட்டினார். உலகத்துக் கணினிகளும் கைபேசிகளும் பெரும்பாலும் ஒரே நேரமண்டலப் பட்டியலைத்தான் நம்பி ஓடுகின்றன. டிஇசட் டேட்டாபேஸ் என்பார்கள். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கியது. பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் எக்கர்ட் கையில் வளர்ந்தது. மர்மம் ஒன்றுமில்லை, வெறும் எழுத்துக் கோப்பு. எந்த ஊர், கிரீன்விச்சுக்கு எவ்வளவு முன்னே பின்னே, எந்தத் தேதி வரை என்று வரிவரியாக இருக்கும். ஏதாவது ஒரு நாட்டு அரசு கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தைத் தள்ளிவைத்தால், இதில் ஒரு வரி கூடும். அடுத்த பதிப்பு வெளிவரும். நம் கைபேசி அதை ஓசைப்படாமல் வாங்கிக்கொள்ளும்.

ஆசியாவுக்கான கோப்பைத் திறந்தேன். சென்னை இல்லை, டெல்லி இல்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே பெயர்: கொல்கத்தா. 1970-க்குப் பின் ஒரே நேரத்தில் ஓடும் பகுதிக்கு ஒரு பெரிய நகரத்தின் பெயர் போதும் என்பது அவர்களுடைய விதி. ஆனால் கொல்கத்தாவின் பெயருக்குக் கீழே 1870 முதல் 1905 முடிய இருப்பது மெட்ராஸ் நேரம்! கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால்.

இது எப்படி வந்தது என்பதற்கு நுங்கம்பாக்கம் போக வேண்டும். அங்கே 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வுக்கூடம் கட்டியது. பத்து டன் எடையுள்ள அதன் கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் பொறித்தபடி, இன்றைக்கும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கிருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802-இல் மெட்ராஸின் தீர்க்கரேகையை 80 பாகை 18 கலை 30 விகலை என்று கணித்தார். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் பெருக்கினால் 5 மணி 21 நிமிடம் 14 விநாடி. கோப்புக்கும் அவருக்கும் நான்கு விநாடி வித்தியாசம். (நான்கு விநாடிக்கு நாழிகைக் கணக்கில் ஒரு விநாழிகைகூடத் தேறாது, ஆனாலும் உறுத்துகிறது.) பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் விழுந்ததாலும், நேரம் சொல்ல வானாய்வுக்கூடம் இருந்ததாலும் ரயிலும் தந்தியும் மெட்ராஸ் மணியில் ஓடின. 1906 ஜனவரி 1-இல் ஐந்தரை மணி வந்தது. பம்பாயும் கல்கத்தாவும் அதன் பிறகும் பல ஆண்டு சொந்த மணியை விடாமல் வைத்திருந்தது வேறு கதை.

அடுத்த வரிகளில் ஜோதிடர் சொன்னது அப்படியே இருந்தது. 1942 செப்டம்பர், ஒரு மணி கூடுதல். 1945 அக்டோபர் 15, பழையபடி ஐந்தரை.

இத்தனை ஊர்களின் பழைய கணக்கை இந்தக் கணினிக்காரர்கள் எங்கே பிடித்தார்கள்? கோப்பின் தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். 1990 வரையிலான தகவல்களில் பெரும்பகுதி, தாமஸ் ஷாங்க்ஸ் தொகுத்த சர்வதேச அட்லஸிலிருந்து. பிழைகள் நிறைய, ஆதாரம் எதுவும் காட்டவில்லை என்ற குறையும் பக்கத்திலேயே. அந்த அட்லஸ் யாருக்காக அச்சானது தெரியுமா? அமெரிக்க ஜோதிடர்களுக்காக! 1918-இல் பிறந்தவருக்கு லக்னம் குறிக்க அன்றைய கடிகாரம் என்ன காட்டியது என்று தெரிந்தாக வேண்டுமே. வங்கிக்கும் விமானத்துக்கும் நேற்றைய மணி தெரிந்தால் போதும். எண்பது வருஷத்துக்கு முந்தைய காலை எட்டரை யாருக்கு வேண்டும்? ஜாதகம் கணிப்பவருக்குத்தான்.

இதற்காக வழக்கே நடந்தது. 2011 செப்டம்பர் 30-இல், அட்லஸின் உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஆஸ்ட்ரோலேப் என்ற ஜோதிட மென்பொருள் நிறுவனம் மாசசூசெட்ஸில் ஓல்சன் மீதும் எக்கர்ட் மீதும் வழக்குப் போட்டது. ஓல்சன் கோப்புகளை வைத்திருந்த சர்வரை மூடினார். இரண்டு வாரத்தில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு பட்டியலை ஏற்றுக்கொண்டது. 2012 பிப்ரவரியில் வழக்கு வாபஸ். எந்தத் தேதியில் எந்த ஊரில் மணி என்ன என்பது நடந்த சங்கதி; அதற்கு யார் உரிமை கொண்டாட முடியும்?

கோப்பில் கொழும்பின் வரிகளைப் படித்தபோது கொஞ்சம் நின்றுவிட்டேன். மின் பற்றாக்குறையால் 1996 மே மாதம் இலங்கை ஆறரைக்குப் போனது, அக்டோபரில் ஆறுக்கு இறங்கியது, 2006 ஏப்ரலில் ஐந்தரைக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி ஐந்தரையிலேயே இருந்தது. 2003-இல் கிளிநொச்சியில் பிறந்த பிள்ளைக்கு டொராண்டோவிலிருந்து யாராவது ஜாதகம் போட்டால், செயலி கொழும்புக் கணக்கில் அரை மணி கூடுதலாகக் கழித்துவிடும். லக்னச் சந்தியில் பிறந்த பிள்ளையாக இருந்தால் தீர்ந்தது கதை.

நமக்கும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. ஜோதிடர் சொன்ன யுத்த காலம் ஒன்றுதான், கோப்பில் இரண்டு. 1941 அக்டோபரிலிருந்து 1942 மே 15 வரையும் ஒரு மணி கூட்டியிருக்கிறார்கள். 1970-க்கு முந்தைய வரிகள் பெயருக்குரிய நகரத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதும் அவர்கள் எழுதி வைத்ததே. ஆகவே அந்த ஏழரை மாதத்தில் காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கும் செயலி கொல்கத்தாவின் கணக்கைப் போடுகிறது. நான் ஜோதிடர் பக்கம்தான் சாய்கிறேன். மணியும் உதயாதி நாழிகையும் சேர்த்து எழுதிய ஒரு ஜாதகம் போதும், கழித்துப் பார்த்துவிடலாம். விஷு வருஷம் ஐப்பசி முதல் பங்குனி வரை பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தெருவில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.