‘யார் வீட்லயும் இல்லாத மீன் வேணும்க்கா!’

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் கடல் மீன் தொட்டி வைக்க என் தம்பிக்கு ஆசை. அவன் பட்டியலில் முதல் பெயர் கடல்குதிரை. செய்தி வேலைப் பழக்கம், சட்டத்தைத்தான் முதலில் பார்த்தேன். 2001 முதல் கடல்குதிரையை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் காக்கிறது; பிடிக்கவோ விற்கவோ கூடாது. மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளத்துக்கும் அதே சட்டம்தான்.

அடுத்தது, நீலமும் ஆரஞ்சும் குழைத்த மாண்டரின் மீன். கொள்ளை அழகு! ஆனால், பாறை இடுக்கில் ஊரும் பொடி உயிரிகளை நாளெல்லாம் கொத்தித் தின்னும். புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு இருக்காது. பாக்கெட் தீவனத்தைப் பெரும்பாலும் தொடாது. கண்ணெதிரே மெலிந்து, பட்டினியால் செத்துப்போகும்.

“அப்ப எதைத்தான் வாங்குறது?”

கோமாளி மீனைச் சொன்னேன். சினிமாவில் பார்த்த அதே ‘நீமோ’தான். இதில் என்ன புதுசு என்கிறீர்களா? எல்லாமே ஆணாகத்தான் வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாகும். அது இறந்தால், அதன் ஜோடி ஆணே பெண்ணாக மாறிவிடும்! மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் இதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. பவளப்பாறையிலிருந்து பிடித்து வரத் தேவையில்லை.

நீங்களும் கடையில் விலை கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: “அண்ணே, இது கடல்ல பிடிச்சதா, பண்ணையில வளர்த்ததா?”