காயத்தில் ஊறும் மணம்

நவம்பர் 8, சனி

லீவு. கொல்கத்தாவின் கார்டன் ரீச் ரோட்டோடு மட்டியாபுருஜ் வரை நடந்தேன். சந்துக்குச் சந்து தையல் மிஷின் சத்தம். ஆட்சியைப் பறிகொடுத்து 1856-இல் லக்னோவிலிருந்து இங்கே வந்த நவாப் வாஜித் அலி ஷா, 1887-இல் இங்கேயே காலமாகி சிப்தைனாபாத் இமாம்பாராவில் அடங்கியிருக்கிறார். அந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில் சின்ன அத்தர் கடை.

"ஊத் இருக்கா சாச்சா?"

"எண்ணெயா, கட்டையா பேட்டா?"

கட்டை என்றேன். டப்பாவிலிருந்து சில சிம்புகளை எடுத்துத் தம்ளர் தண்ணீரில் போட்டார். ஒன்று மூழ்கியது, மற்றவை மிதந்தன. பிசின் ஏறிய கட்டைதான் கனத்து மூழ்குமாம். அதிலிருந்து நகக்கண் அளவு சீவி, தணல்மேல் வைத்த மைக்காத் தகட்டில் இட்டார். கட்டை எரியவில்லை. ஓரத்தில் கறுப்பாகப் பிசின் கசிந்து, குமிழியிட்டு, நூலாகப் புகைந்தது. முதலில் பதப்படுத்திய தோலின் காட்டமான நெடி. கொஞ்ச நேரத்தில் அது இறங்கி, தொண்டைவரை இனிப்பு. சட்டையில் ராத்திரி வரை இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அகில்தானேடா? நம்ம நாட்டு மருந்துக் கடையிலயே கிடைக்குமே" என்றாள். அகில் என்ற பேரில் நம் பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளை அகில் வேறு குடும்பத்து மரம். சாச்சா காட்டியது அசாம் பக்கத்துக் கறுப்பு அகில். சங்கப் பாட்டுகளில் பெண்கள் கூந்தல் உலர்த்திய புகை இரண்டில் எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கீழ்காற்றோடு கப்பலில் வந்து இறங்குகிற அகில், கடல் கடந்த சரக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நவம்பர் 12, புதன்

ராத்திரி படித்ததில் மனசு பாரமாகிவிட்டது. நோயில்லாத அகில் மரம் வெளுப்பாக, லேசாக, வாசனையே இல்லாமல் இருக்கும். தண்டைப் புழு துளைக்க வேண்டும். அந்தக் காயத்தில் பூஞ்சை புக வேண்டும். அதை எதிர்த்து மரம் சுரக்கிற பிசின் வருஷக்கணக்கில் ஊறித்தான் கட்டை கறுக்கிறது. எந்த மரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது வெட்டிப் பார்த்தால்தான் நிச்சயம். அதனால் ஒன்றுமில்லாத மரங்களும் சேர்ந்து விழுந்தன. 1995-லிருந்து இந்த மரத்தின் சர்வதேச வர்த்தகத்துக்கு சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாடு உண்டு. இருந்தும் 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக ஐயூசிஎன் அமைப்பு இதைப் பட்டியலிட்டது. வெட்டியவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர்களிடம் கேட்டு வாங்கியது வளைகுடாவரை நீண்ட சந்தை.

நவம்பர் 15, சனி

மட்டியாபுருஜ் துறையில் படகேறி அக்கரை. அங்கிருந்து டோட்டோ என்கிற மின்ரிக்‌ஷாவில் தாவரவியல் தோட்டம். 1787-இல் ராபர்ட் கிட் தொடங்கியது. கூட்டமெல்லாம் பெரிய ஆலமரத்தடியில். நான் போனது ராக்ஸ்பரோவுக்காக. சென்னை ராஜதானியில் கம்பெனி டாக்டராக இருந்து, 1793-இல் இந்தத் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்தவர். அகிலுக்கு அக்விலேரியா அகலோக்கா என்று பேர் வைத்தது அவர்தான். இன்றைய நூல்களில் அது அக்விலேரியா மலாக்கென்சிஸ்.

நவம்பர் 17, திங்கள்

மத்தியானச் சாப்பாட்டில் அசாமின் கோலாகாட்காரரான சக ஊழியரிடம் அகிலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. "எங்க வீட்டுத் தோட்டத்திலேயே இருக்கு தாதா!" அசாமியில் சாஞ்சி. பாக்கு மரங்களுக்கு நடுவே நட்டுவிடுவார்களாம். புழுத் துளையையும் அடியில் உதிர்ந்த மரத்தூளையும் பார்த்தே வியாபாரி விலை பேசுவாராம். கறுத்த கட்டையைச் செதுக்கி எடுத்து, மீதியை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து வாலையில் வடித்தால் எண்ணெய், சக்கை ஊதுபத்திக்கு. முற்காலத்தில் ஏடு எழுதியதும் இந்த மரத்துப் பட்டையில்தான். காமரூபத்து அரசன் பாஸ்கரவர்மன் ஹர்ஷனுக்கு அனுப்பிய பரிசுகளில் அகில் பட்டை ஏடுகளும் கறுப்பு அகில் எண்ணெயும் இருந்ததாக பாணபட்டர் எழுதியிருப்பதைச் சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

காட்டில் அரிதாகிவிட்ட மரத்தை இன்று தாங்குவது இந்த மாதிரி வீடுகள்தான். அவர் அப்பா நட்டதில் இரண்டைத் தங்கை கல்யாணத்துக்கு விற்றார்களாம். அந்த இடத்தில் மறுபடி நட்டீர்களா என்றேன். அதே மழைக்காலத்தில் நட்டாயிற்று, இப்போது ஆள் உயரம் என்றார். ஜனவரியில் ஊருக்குப் போகிறாராம், கூப்பிட்டிருக்கிறார். சாயங்காலமே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.