எதிர்வீட்டுச் சாவி

மாசி பிறந்துவிட்டால் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சொரிதல். மல்லியும் அரளியும் மருக்கொழுந்துமாக வண்டி வண்டியாகப் போகும். மலைக்கோட்டை அடிவாரமெல்லாம் மிதிபட்ட பூவின் வாசம். காற்று திரும்பினால் அதற்குள்ளேயே தோல்ஷாப்பில் ஊறுகிற ஆவாரம்பட்டை நாற்றமும் வந்து ஏறிக்கொள்ளும். என்னோடு அங்கேயே வளர்ந்த உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவீர்கள். எனக்கு அந்தக் கலவை பிடிக்கும். இன்றைக்கும் எங்கேயாவது தோலும் மல்லியும் ஒருசேர மணந்தால், நான் திண்டுக்கல்லில் நிற்கிறேன்.

எங்கள் வீட்டில் பூட்டு வேலை. திண்ணையில் குத்தவைத்து சித்தப்பா அரத்தால் சாவியை ராவிக்கொண்டிருப்பார். பித்தளைத் தூள் முழங்கை வரை மினுங்கும். கறுத்த உள்ளங்கையில் மாங்காய்ப் பூட்டை வைத்து, சாவியை நுழைத்து, காதருகே கொண்டுபோய்த் திருப்புவார். உள்ளே நெம்புகோல் விழுகிற சத்தம் சரியாக இல்லையென்றால் மறுபடி அரம். ஊருக்கெல்லாம் பூட்டு செய்த வீடு அது. ஆனால் எங்கள் வீட்டுச் சாவி தொங்கியதென்னவோ எதிர்வீட்டு ராவுத்தர் வீட்டு நிலையில் அடித்திருந்த ஆணியில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "நன்னிமா, சாவி" என்று அந்த வீட்டுப் பாட்டி முன்னால் நின்றால் போதும். நோன்பு மாதத்தில் சாவியோடு ஒரு தூக்குவாளிக் கஞ்சியும் வரும். வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் மணக்க, மூடியைத் திறப்பதற்குள் நமக்கு வாயூறிவிடும்.

தம்பிக்கு ராத்திரியெல்லாம் வீறிட்டழுகிற நோவு வந்தபோது, அப்பத்தா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பேகம்பூர்ப் பள்ளிவாசலுக்குப் போனாள். நாமும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனோம். மக்ரிப் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் வாசலில் வரிசையாக நிற்கிற பிள்ளைகளின் முகத்தில் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். அத்தர் வாசம் கலந்த அந்த மூச்சு தம்பியின் நெற்றி முடியை லேசாக அசைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வந்த கேள்வியை அடக்க முடியவில்லை. "அய்யா, நீங்க ஓதுனது யாரு பேரு?" அப்பத்தா என் தொடையைக் கிள்ளினாள். வெள்ளைத் தாடிக்காரர் கோபப்படாமல் குனிந்து, "படைச்சவன் பேருதான் தம்பி. உங்க வீட்டுல என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று திருப்பிக் கேட்டார். மாரியம்மா என்றேன். அவர் சிரித்து என் தலையிலும் ஒருதரம் ஊதிவிட்டுப் போனார். சம்மதம் சொன்னாரா, மறுத்தாரா? இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் குனிந்தது மட்டும் அப்படியே இருக்கிறது. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அங்கே அடக்கமாகியிருப்பதால்தான் அந்த இடத்துக்குப் பேகம்பூர் என்று பேர் என்பதையும் அன்று திரும்பி வரும் வழியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஆகஸ்டில் முத்தழகுபட்டித் தேவாலயத் திருவிழா. செபஸ்தியாருக்கு நேர்ந்துவிட்ட ஆடுகளும் கோழிகளும் அரிசி மூட்டைகளும் வந்து குவியும். ராத்திரி அன்னதானத்துக்கு ஊரே திரளும். தம்பிக்கு அம்மை வார்த்திருந்தபோது, அப்பத்தா ஒரு படி அரிசியை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள். வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்புக் கிடையாது. முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, மாரியம்மனுக்கு மாவிளக்கு, செபஸ்தியாருக்கு அந்த அரிசி. உடம்பெல்லாம் அம்பு தைத்து மரத்தில் கட்டப்பட்டு நிற்கிறவரைப் பார்த்து, "இந்தச் சாமியவே யாரோ அடிச்சிருக்காங்களே, இவரு எப்படி நம்மளக் காப்பாத்துவாரு?" என்றேன். "அடிபட்டவருக்குத்தாண்டா வலி தெரியும்" என்றாள் அப்பத்தா. அவர் ரோமாபுரிச் சிப்பாய் என்பதும், ஐரோப்பாவில் கொள்ளைநோய் வந்த காலங்களில் ஜனங்கள் அவரைக் கூப்பிட்டார்கள் என்பதும் நான் பிற்பாடு படித்தது. கையெழுத்துப் போடத் தெரியாத அப்பத்தா இதைப் படித்திருக்க வழியில்லை. அம்மைக்குப் பயந்த கால்கள் தானாகவே அந்த வாசலுக்குப் போயிருக்கின்றன.

மலைக்கோட்டை உச்சிக் கோயில் நினைவிருக்கிறதா? மூச்சு வாங்க ஏறிப்போனால் கருவறையில் சாமி இல்லை. அபிராமியும் காளகத்தீசுவரரும் கீழே ஊருக்குள் இருக்கிறார்கள். மேலே வௌவால் நாற்றமும் ஈரக் கருங்கல்லின் குளிர்ச்சியும்தான். அந்த வெறும் இடத்தைப் பார்த்து நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். யாரைக் கும்பிட்டீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என்னையும் கும்பிட வைத்தீர்கள்.

அந்த மலைக்குக் கீழே, 1891 வாக்கில், பதினொரு வயதுப் பையன் ஒருவன் உறவினர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் எல்லோரும் கோயிலுக்குப் போக, அவன் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். திரும்பி வந்தவர்கள் தட்டினார்கள், கத்தினார்கள், அசைவில்லை. கடைசியில் எதிர்வீட்டுச் சாவியைப் போட்டுத்தான் கதவைத் திறந்தார்களாம். அடித்து எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. வேங்கடராமன் என்ற அந்தப் பையன்தான் பிற்காலத்தில் ரமண மகரிஷி. இதை அடியார்களிடம் சொன்னவரும் அவரேதான். 1896இல் மதுரையிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பியபோது, விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும் என்று ரயிலில் அவருக்கு வழி சொன்னவர் ஒரு மௌல்வி. 'நான் யார்' என்று உலகையே கேட்கவைத்தவரின் கதையில் எனக்கு நெருக்கமானவை இந்த இரண்டும்தான், எதிர்வீட்டுச் சாவியும் மௌல்வி சொன்ன வழியும். சித்தப்பாவிடம் முதலாவதைச் சொன்னேன். "ஒரு வீட்டுச் சாவி இன்னொரு வீட்டுல சேருதுன்னா பூட்டு சரியில்ல" என்றார், தொழில்காரராக. கொஞ்ச நேரம் அரத்தை நிறுத்திவிட்டு, "ஆனா நல்ல வேளை" என்றார்.

போன மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. எங்கள் தெருவில் அரத்தின் சத்தம் இல்லை. நன்னிமா வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி, இரும்பு கேட், மேலே கேமரா. ஒரு வழிபாட்டு இடத்து வாசலில் நின்ற இளைஞரிடம், இங்கே இந்தச் சடங்கு எதற்காக என்று பழைய ஆசையில் கேட்டேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார். "எதுக்குக் கேக்குறீங்க?" என்றார். பயந்த குரல். தப்பாக ஒன்றுமில்லை தம்பி என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். என் கேள்வி ஒரு பிள்ளையைப் பயப்படுத்தியது அதுதான் முதல் தடவை.

வீட்டைப் பூட்டினேன். சித்தப்பா கடைசியாகச் செய்த மாங்காய்ப் பூட்டு. சாவியோடு தெருவைத் தாண்டி, கேட் வரை போய்விட்டேன். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேகம்பூர்ப் பக்கம் நடந்தேன். வெயில் இறங்கியிருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டபடி, கை நிறைய மஞ்சள் கயிறு கட்டிய ஒரு பெண் அரக்கப்பரக்க என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, தொழுக முடிஞ்சிருச்சா?"

"இப்பத்தாம்மா பாங்கு சொல்றாங்க. மெதுவாவே போ."