999 என்னும் எண்ணும் எழுதப்படாத ஒரு விதியும்

திருவனந்தபுரத்தில் ஆய்வு செய்யும் தமிழர் எவரும் முல்லைப் பெரியாறு குறித்த கேள்வியிலிருந்து தப்ப முடியாது. 1886இல் திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே ஏற்பட்ட குத்தகையில் எல்லோரும் சுட்டுவது 999 ஆண்டுகளையே. மொழியியல் பயின்ற நான் ஒப்பந்தத்தின் சொற்களோடு நிற்காமல், விரிதாளில் அதன் கணக்கையும் இட்டுப் பார்த்தேன்.

8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய். வட்டி 5 விழுக்காடு என்று கொண்டால், 999 ஆண்டு வாடகையின் அன்றைய மதிப்பு ஏறத்தாழ 8 லட்சம். காலத்தை 100 ஆண்டாகக் குறைத்தாலும் வேறுபாடு 1 விழுக்காட்டை எட்டவில்லை. வாடகையும் ஆண்டுதோறும் 5 விழுக்காடு உயர்வதாகக் கொண்டால் அம்மதிப்பு ஏறத்தாழ 4 கோடி! வாடகையைப் பொறுத்தவரை, பேரத்தின் எடை ஆண்டுகளில் இல்லை. திருத்த விதி இல்லாமையில் இருந்தது. 1970இல் வாடகை 30 ரூபாயானபோது, 30 ஆண்டுகளுக்கொருமுறை திருத்தம் என்னும் விதியும் சேர்ந்தது.

தென்மாவட்ட வயல்களின் தாகத்தையும் அணைக்குக் கீழே வாழ்வோரின் அச்சத்தையும் விரிதாள் அளக்காது. எந்த விதிக்காக வாதாட வேண்டும் என்பதை மட்டும், பேச அமருமுன்பே அது காட்டிவிடுகிறது.