எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு அந்தப் பாடம் மறந்திருக்காது. 'இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள்'. ஒரு விளையாட்டு மன்றம் இருக்கும். சந்தா வரும். பழைய செய்தித்தாள் விற்ற பணம் வரும். பந்தும் மட்டையும் வாங்கிய செலவு போகும். செயலாளருக்கு மதிப்பூதியம் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் பெறுதல்கள், செலுத்தல்கள் என்று இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதி, கடைசியில் இறுதி இருப்பு சரியாக வந்துவிட்டால் அப்படி ஒரு நிம்மதி. வராவிட்டால் அந்தப் பழைய செய்தித்தாள்தான் எங்கேயோ விடுபட்டிருக்கும்!

சரி, ஒரு கேள்வி. அந்த மன்றத்துக்கு ஒரு மாணவி ராத்திரி கண் விழித்து இலவசமாக ஒரு போஸ்டர் வடிவமைத்துக் கொடுக்கிறாள். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? இன்னொரு மாணவி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரோடு உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கிறாள், தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறாள். அதை எங்கே எழுதுவது?

எங்கேயும் எழுத முடியாது. பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கில் ரொக்கம் கைமாறினால்தான் பதிவு. வருமான வரிச் சட்டமும் அப்படித்தான். தகுதியுள்ள அமைப்புக்குப் பணமாகக் கொடுத்த நன்கொடைக்குக் கழிவு உண்டு, உடலுழைப்பாகக் கொடுத்ததற்குக் கிடையாது.

அமெரிக்காக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். 1993-ல் அங்கே வந்த 116-ஆம் எண் கணக்கியல் தரநிலை, இலவச உழைப்பையும் சில நேரங்களில் வருமானமாகப் பதியச் சொன்னது. அந்த வேலைக்குத் தனித்திறன் தேவைப்பட வேண்டும், திறன் உள்ளவரே செய்திருக்க வேண்டும், இலவசமாகக் கிடைக்காவிட்டால் அமைப்பு காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். உதாரணமாகக் கணக்காளர், தச்சர், மருத்துவர், மின்பணியாளர், ஆசிரியர் என்று ஒரு பட்டியலே கொடுத்திருந்தார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் போஸ்டர் வடிவமைத்தவளின் ராத்திரிக்கு ஒரு விலை போடலாம். டிடிபி சென்டரில் கேட்டால் ரேட் சொல்லிவிடுவார்கள். ஆனால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச்சுக் கேட்டவளின் ஞாயிற்றுக்கிழமை? அதற்குச் சந்தையில் ரேட் இல்லை. ஆகவே அந்தப் பேரேட்டிலும் இடம் கிடைப்பது கஷ்டம்தான்.

இப்போது அந்த இரண்டு பேரும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணி கடலுக்குப் போகும் முன் அதன் மேல் கட்டிய கடைசி அணைக்கட்டு இருக்கிற ஊர், குமரகுருபரர் பிறந்த ஊர், நவதிருப்பதியில் முதல் கோயில் உள்ள ஊர். இத்தனை பெருமை இருந்தாலும் ஒரு நல்ல ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறலாமா என்று யோசிக்கிற ஊர். அவள் பி.காம் படிக்கிறாள். வடிவமைப்பை யாரும் சொல்லித் தரவில்லை, செல்போனில் தானே பழகியது. ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாலைந்து இளைஞர்கள் நடத்தும் ஒரு சிறு அமைப்பு. "போஸ்டர் போடத் தெரியுமாமே, கொஞ்சம் பண்ணிக் கொடு" என்று கேட்கிறார்கள். சரி என்கிறாள்.

வேலை ஒன்றும் லேசுப்பட்டதல்ல. தமிழில் போஸ்டர் போட்டவர்களுக்குத் தெரியும். படம் வரையும் சில மென்பொருள்களில் 'கொற்கை' என்று தட்டினால் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். அது தெரியாதவர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி ஒப்பேற்றுவார்கள். அச்சில் அழகாகத்தான் இருக்கும். அடுத்த வருஷம் வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து ஏதோ மந்திரம் மாதிரி நிற்கும்! இன்றைக்கு அந்தக் கஷ்டம் தேவையில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரன், முக்த மலர், பாலூ தம்பி, மீரா இனிமை என்று திறந்த உரிமத்தில் நல்ல யூனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சிடலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வடிவமைப்பு என்பது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் 2015 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். சென்னை மூழ்கியபோது தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஒரு வரைபடம் செய்தார்கள். தண்ணீர் நிற்கிற தெருவைச் சொடுக்கினால் அது நிறம் மாறும், அவ்வளவுதான். வீட்டிலிருந்தபடியே ஆளாளுக்குச் சொடுக்கி ஆயிரக்கணக்கான தெருக்களைக் குறித்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற படம் அது.

அதே மாதிரி வெள்ளம் 2023 டிசம்பர் 17-ஆம் தேதி இந்தப் பக்கம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றது. உள்ளே சுமார் 800 பேர். சாலையும் இல்லை, மின்சாரமும் இல்லை. அவர்கள் முழுதாக வெளியே வர 19-ஆம் தேதி ஆயிற்று. அதுவரை பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள், தங்கள் பாடே திண்டாட்டமாக இருந்தும், சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள்.

அந்த மாதிரி நாட்களில் வாட்ஸ்அப்பில் உதவி எண் போஸ்டர்கள் பறக்கும். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் பல போஸ்டர்களில் தேதி இருக்காது, யார் வெளியிட்டது என்று இருக்காது. வெள்ளம் வடிந்து மாதக்கணக்கான பிறகும் அடுத்த மழைக்கு அதே போஸ்டர் மறுபடி கிளம்பும். அதிலிருக்கும் எண்ணை எடுக்க ஆள் இருக்க மாட்டார். தவிக்கிறவர் அந்த எண்ணையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருப்பார். ஒரு மூலையில் சின்னதாகத் தேதி போடுவது எந்த வண்ணத்தையும் விடப் பெரிய வடிவமைப்பு. அதே சமயம் இன்னொன்றும் உண்டு. செல்போன் செத்துப்போன அந்த ரயிலுக்கு எந்த போஸ்டரும் போயிருக்க முடியாது. அங்கே போய்ச் சேர்ந்தது பக்கத்தில் இருந்த ஆள்தான்.

அந்த மாணவியின் கதையும் இங்கேதான் திரும்புகிறது. போஸ்டர் கொடுத்தவளை, "அப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளேன்" என்கிறார்கள். போகிறாள். முதல் நாள் முடிந்து செருப்பை மாட்டும்போது ஒரு சின்னப்பிள்ளை கேட்கிறது.

"அக்கா, அடுத்த வாரமும் வருவியளா?"

போஸ்டர் எந்தக் காலத்திலும் இப்படி ஒரு கேள்வி கேட்காது. கொடுத்தால் முடிந்தது. பிடிக்கவில்லை என்றால் கிழித்துவிட்டு வேறு போடலாம். பிள்ளை அப்படி இல்லை. "வருவேன்" என்று சொல்வது சுலபம். செமஸ்டர் வரும், இன்டர்ன்ஷிப் வரும், வீட்டில் கல்யாணம் வரும். இரண்டு வாரம் விட்டுப்போகும். மூன்றாவது வாரம் போக வெட்கமாக இருக்கும். அப்புறம் போகவே மாட்டாள். யாரும் அவளைத் திட்டப்போவதில்லை, இலவசமாகச் செய்த வேலைதானே!

ஆனால் அது இலவசம் இல்லை. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்று ஓர் அமைப்பு. வயதில் மூத்த தன்னார்வலர் ஒருவரை ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ துணையாகச் சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்ந்த 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளின் விவரங்களை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வருஷமோ அதற்கு மேலோ நீடித்த துணைதான் பிள்ளைகளுக்கு அதிக நன்மை தந்திருந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடங்களிலோ பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பே குறைந்திருந்தது. யோசித்துப் பாருங்கள். தன்னிடம்தான் ஏதோ குறை, அதனால்தான் அக்கா வரவில்லை என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்கிறது. கணக்குப் பாஷையில் சொன்னால் இது வரவு வராதது அல்ல, நிகர நஷ்டம்.

அதனால்தான் நின்று நிலைத்த அமைப்புகள் ஆர்வத்தை மட்டும் நம்புவதில்லை, நேரத்தை வரையறுத்துக் கேட்கின்றன. என்.எஸ்.எஸ். 1969-ல் தொடங்கியது. அதில் சேர்ந்த மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும் என்பது கல்லூரியில் எல்லாருக்கும் மனப்பாடம். சட்டையில் குத்துகிற அந்தச் சின்னத்தைச் சரியாகக் கவனித்திருக்கிறீர்களா? கொனாரக் கோயில் தேர்ச்சக்கரம் அது. எட்டு ஆரங்கள் நாளின் எட்டு ஜாமங்களைக் குறிப்பவை, எந்த நேரமும் தயார் என்று அர்த்தம். சென்னையில் 2006-ல் சில நண்பர்கள் தொடங்கிய 'பூமி' அமைப்பும் வார இறுதிகளில் குழந்தைகள் இல்லங்களுக்குப் போய்ச் சொல்லிக் கொடுப்பதில்தான் வளர்ந்து பல நகரங்களுக்குப் பரவியது. அங்கேயும் சாமர்த்தியத்தை விட வாரம் தவறாமல் போவதுதான் முக்கியம்.

அப்படியானால் போஸ்டர் போடுவது மட்டம், பிள்ளைகளோடு இருப்பதுதான் உசத்தி என்றா அர்த்தம்? இல்லை. இரண்டுக்கும் ஒரே நோய்தான், விட்டுவிட்டுப் போவது. கல்லூரி மாணவர் நடத்தும் எந்த அமைப்பிலும் மூன்று வருஷத்துக்கு ஒரு தலைமுறை முடிகிறது. போகிறவள் முடிந்த படத்தை மட்டும் கொடுத்துவிட்டு, திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தன் பழைய போனிலேயே வைத்துக்கொண்டு போகிறாள். கடவுச்சொல் அவளுக்கு மட்டும்தான் தெரியும். என்ன எழுத்துரு என்று எழுதி வைக்கவில்லை. ஜூன் மாதம் வருகிறவர்கள் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பிள்ளைகளும் இன்னொரு புது அக்காவிடம் பெயர் சொல்வதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

கணக்கில் இதற்கு அழகான ஒரு விதி உண்டு. இந்த வருஷத்தின் இறுதி இருப்புதான் அடுத்த வருஷத்தின் தொடக்க இருப்பு. எந்த அமைப்பும் மார்ச் 31 அன்று பெட்டியைக் காலி செய்துவிட்டு ஏப்ரல் 1 அன்று ஒன்றுமில்லாமல் ஆரம்பிப்பதில்லை. உழைப்புக்கு மட்டும் ஏன் வேறு விதி?

இதைச் சரியாகச் செய்பவர்கள் தமிழிலேயே இருக்கிறார்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இலவச மின்னூல்கள் வெளியாகின்றன. அட்டைப்படம் செய்தவர், மின்னூலாக்கியவர் என்று தன்னார்வலர் பெயரை நூலோடு சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். காசு இல்லை, ஆனால் பதிவு இருக்கிறது. அடுத்து வருகிறவருக்கு யாரைக் கேட்பது என்று தெரியும்.

ஆகவே அந்த ஸ்ரீவைகுண்டத்துப் பெண் இப்படிச் செய்யலாம். அமைப்பின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து மூலக் கோப்புகளை எல்லாம் அங்கே போட்டு வைக்கலாம். எழுத்துருக்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். எல்லா போஸ்டரிலும் தேதி போடலாம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியையே பக்கத்தில் உட்கார வைத்து, அடுத்த போஸ்டரை அவள் கையாலேயே செய்ய வைக்கலாம். முதல் போஸ்டர் கோணல்மாணலாகத்தான் வரும். சிவப்பு எழுத்துக்கு மஞ்சள் நிழல் போடுவாள், ஒரு மூலை விடாமல் பூ ஒட்டுவாள். பரவாயில்லை, ஒட்டட்டும்.

அப்புறம் அந்தக் கேள்வி. "அடுத்த வாரமும் வருவியளா?" முடிகிறவள் "வருவேன்" என்று சொல்லிவிட்டு வரலாம். முடியாதவள் உண்மையைச் சொல்லலாம். "மூன்று ஞாயிறுதான் வருவேன், பிறகு இந்த அக்கா வருவாங்க" என்று சொல்லி, அந்த அடுத்த அக்காவைக் கையோடு கூட்டிவந்து காட்டலாம். எந்தப் பேரேட்டிலும் இதற்கு ஒரு வரி கிடையாது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது.